தப்பு செய்த பையனுக்கு எதற்குப் பணம்? – விவாத இழை

இழையைத் தொடங்கிய பதிவு, பிப்ரவரி 3

"ஒழுங்காகப் படிக்கிற பையன் உதவித்தொகைக்காக அலையாய் அலைகிறான். திருடி உள்ளே போய் வந்தவனுக்கு மட்டும் பயிற்சி, ஆலோசகர், வேலை என்று பொதுப் பணத்தை வாரி இறைக்கிறார்கள். அந்தப் பணத்தில் ரோந்துக்கு நாலு ஆள் போட்டால் குற்றமாவது குறையும். இந்தச் சமூகத் திட்டங்களால் குற்றம் குறைந்ததற்கு ஆதாரம் உண்டா? உணர்ச்சிக் கதை வேண்டாம்."

பிப்ரவரி 3, இரவு

உண்டு. நான் இப்படிப்பட்ட பையன்களோடு வேலை செய்கிறவன். குற்றத்தைக் கூட்டிவிட்ட திட்டங்களுக்கும் ஆதாரம் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் நியாயம். முதலில் குறைத்தது.

2012 கோடையில் சிகாகோவில், வன்முறை மிகுந்த பகுதிகளில் இருக்கும் 13 பள்ளிகளிலிருந்து 1,634 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் போட்டு ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு வாரத்துக்குப் பகுதிநேர வேலை. குறைந்தபட்சக் கூலி, கூடவே பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். அவ்வளவுதான். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகளின் எண்ணிக்கை, வேலை கிடைத்த கூட்டத்தில் 43 சதவீதம் குறைவாக இருந்தது. சாரா ஹெல்லர் 2014-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது. குலுக்கல் என்பதால் 'நல்ல பசங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள்' என்று சொல்ல வழியில்லை.

இதில் என்னை நிறைய யோசிக்க வைத்தது, அந்தக் குறைவில் பெரும்பகுதி, எட்டு வார வேலை முடிந்த பிறகு வந்தது என்பது. வேலையில் இருந்ததால் தெருவில் நிற்க நேரமில்லை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குள் ஏதோ மாறியிருக்கிறது.

அப்புறம் அந்த 'வாரி இறைப்பது'. ஒரு பையனைப் பூட்டி வைக்கத்தான் வாரி இறைக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களின் செலவை 2020-இல் கணக்குப் பார்த்த ஜஸ்டிஸ் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு, ஒரு சிறாரை அடைத்து வைக்க நாளொன்றுக்குச் சராசரியாக 588 டாலர் ஆகிறது என்றது. ஆண்டுக்கு 2 லட்சத்து 14 ஆயிரம் டாலருக்கு மேல். அவன் பேரில் செலவு ஏற்கெனவே ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. பூட்டுக்கு ஆகிறதா, அவனுக்கு ஆகிறதா என்பதுதான் கேள்வி.

படிக்கிற பையன் அலைகிறான் என்ற உங்கள் கோபத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் கோபம் சரிதான். அதற்குத் தீர்வு இவனிடமிருந்து பிடுங்குவது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 4

கூட்டிவிட்ட திட்டம் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் தண்டனைக் கைதிகள் சேர்ந்து ஒன்று நடத்தினார்கள். வழி தவறப் பார்க்கிற பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டி வந்து, முகத்துக்கு நேரே கத்தி, மிரட்டி, 'நாளைக்கு உன் கதியும் இதுதான்' என்று காட்டி அனுப்புவது. செலவே இல்லை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும், பார்க்கிற பெரியவர்களுக்கும் திருப்தி. வேறு நாடுகளிலும் தொற்றிக்கொண்டது. பிறகு அந்தனி பெட்ரோசினோவும் கூட்டாளிகளும் இந்த வகைத் திட்டங்களில் குலுக்கல் முறையில் நடந்த 9 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மிரட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகள், சும்மா விடப்பட்ட பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'ஒரு நாள் ஜெயிலைக் காட்டினால் திருந்திவிடுவான்' என்று யாராவது எழுந்து சொல்கிறார். கைதட்டலும் கிடைக்கிறது.

பிப்ரவரி 6

கதை வேண்டாம் என்றார் தொடங்கியவர். சரி, சிறார்களை அடைத்து வைக்கும் இல்லத்திலிருந்து ஒரு பையன் வெளியே வருகிற நாளில் என்னென்ன வேலை இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். வாசலுக்குப் போய் அழைத்து வருகிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறவன் என்பதால் தெரியும்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார்கள். உள்ளே போன அன்று போட்டிருந்த துணி, செல்போன், பெல்ட். பதினைந்து வயதில் போனவன் பதினாறு முடிந்து வருகிறான். அந்த வயதில் உடம்பு எப்படி ஓங்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும். சட்டையில் நெஞ்சுப் பொத்தான் பூட்டாது. அந்தக் கோலத்தில்தான் தன் தெருவுக்குள் நடந்து போகவேண்டும். அதனால் அளவு விசாரித்து ஒரு செட் துணி கொண்டுபோவோம். நாங்கள் வாங்கிய எந்த நிதியிலும் அந்தத் துணிக்கென்று ஒரு தலைப்பு இருந்ததில்லை. 'இதர செலவு' என்று எழுதினால் தணிக்கையில் நோண்டுவார்கள்.

போனில் சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏற்றினால் சிம் செத்திருக்கும். புது சிம்முக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டையில் உள்ள முகவரியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், வீட்டார் இடம் மாறிவிட்டார்கள். முகவரி மாற்ற அப்பா கையெழுத்து வேண்டும், அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் பள்ளி. உள்ளே படித்ததற்குக் கொடுத்த சான்றிதழின் தலையில் இல்லத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு பள்ளி அலுவலகத்தில் தாளை வாங்கினவர் மேல் வரியைப் படித்தார், ஒரு விரலால் தாளை எங்கள் பக்கம் தள்ளினார். 'இடமில்லை, அடுத்த வருஷம் பாருங்க.' பையன் என்னைப் பார்த்து, 'போலாம்ண்ணா' என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினாறு வயதில் இதெல்லாம் இப்படித்தான் என்று பழகிப்போயிருக்கிறான்.

அன்று சாயங்காலமே பழைய கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் அடையாள அட்டை கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை. வண்டி இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, 'வாடா மச்சான்' என்று கூப்பிடுகிற வாய் இருக்கிறது. அவர்களோடு போட்டி போட வேண்டியது ஒரு துண்டுப் பிரசுரமும் மாதம் ஒரு ஆலோசனைக் கூட்டமும்.

சமூகத் திட்டம் என்று நான் சொல்வது இந்த முதல் சில வாரங்களில் அவன் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதைத்தான். படிவத்தோடு, துணியோடு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கிற பொறுமையோடு.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

பள்ளி விட்டுப்போவதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அன்னா ஐஸர், ஜோசப் டாயில் இருவரும் சிகாகோவில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்களின் வழக்குகளை ஆராய்ந்தார்கள். வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது அங்கே தற்செயல். ஒருவர் கறார், ஒருவர் இளகியவர். ஒரே மாதிரி வழக்கில் ஒருவன் அடைக்கப்பட்டான், இன்னொருவன் வீட்டுக்குப் போனான். அடைக்கப்பட்டவன் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதப் புள்ளி குறைந்தது, பெரியவனான பிறகு சிறைக்குப் போகும் வாய்ப்பு 23 சதவீதப் புள்ளி கூடியது. 2015-இல் வந்த ஆய்வு.

பிப்ரவரி 7

'ருசி கண்ட பூனை விடுமா?' என்கிறார் ஒருவர்.

பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுமையான குற்றம் செய்த 1,354 சிறாரை ஏழு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதே வேகத்தில் கடைசி வரை தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அதிக நாள் அடைத்து வைத்ததால் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. பதின்பருவத்தோடு முடிந்துபோகிறவர்கள் ஒரு வகை, சிறு வயதில் தொடங்கி நெடுங்காலம் நீடிக்கிற சிலர் வேறு வகை என்று டெர்ரி மொஃபிட் 1993-இலேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

பிப்ரவரி 7, மாலை

'தானாகவே விட்டுவிடுவான் என்றால் பணம் எதற்கு?' நல்ல கேள்வி, யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடத்தில் யாரோ ஒருவருடைய வீடு உடைக்கப்படும், யாரோ ஒருவர் கத்திக்குத்து வாங்குவார். இவனே செத்தும் போகலாம். இல்லாவிட்டால் திருந்தின பிறகும் வேலை கிடைக்காதபடி ஒரு பதிவு அவன் பேரில் ஏறிவிடும். அந்த ஏழு வருடத்தைச் சுருக்கத்தான் பணம்.

பிப்ரவரி 11

ரோந்தா, திட்டமா என்று எதிரெதிராக நிறுத்தி விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அங்கே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியது சமூகத் தொண்டு நிறுவனம் இல்லை, ஸ்ட்ராத்கிளைடு காவல்துறை. கேரின் மெக்ளஸ்கி, ஜான் கார்னகன் இருவரும் வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி பார்க்கலாம், பரவும் இடத்தில் போய்த் தடுக்கலாம் என்றார்கள். 2008-இல் கும்பல் பையன்களை நீதிமன்ற அறைக்கே வரவழைத்தார்கள். நிறுத்தாவிட்டால் கும்பலில் எல்லாரையும் பிடிப்போம் என்று காவல்துறை சொன்னது. மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். விட நினைப்பவனுக்கு இந்த எண்ணில் உதவி, இன்றே, என்று ஒரு தொலைபேசி எண்ணையும் கையில் கொடுத்தார்கள். காவலும் உதவியும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன.

காவலர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. எங்கள் பையன்கள் சிலரை இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் உட்கார வைத்து, வழக்கு எழுதாமல் எனக்கு போன் செய்த அதிகாரிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குக் கூப்பிட ஒரு எண் வேண்டும், மறுமுனையில் போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

பிப்ரவரி 15

சம்பளம் என்று சொன்னதால் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

இந்தத் துறையில் பணமே வருவதில்லை என்பது இல்லை. வருகிற பணம் ஒரு வருடத்துக்கு வருகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை வருவதற்குள் மூன்று மாதம் போய்விடும். ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, தெருவில் பையன்கள் அவரை நம்ப ஆரம்பிக்கும்போது ஒன்பதாவது மாதம். பத்தாவது மாதத்தில் 'நிறைவு அறிக்கை அனுப்பவும்' என்று மின்னஞ்சல் வரும். களப்பணியாளரும் முட்டாள் இல்லை, அவருக்கும் வாடகை இருக்கிறது, வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்.

அறிக்கைப் படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். ஒரே பையனோடு வருடம் முழுக்க நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி என்று அலைந்தால் அந்தக் கட்டத்தில் '1'. அரங்கத்தை நிரப்பி ஒரு மணி நேரம் விழிப்புணர்வு உரை நடத்தினால் '300'. எதற்குப் பணம் புதுப்பிக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை. போகப் போக என்ன ஆகிறது என்றால், அமைப்புகள் சுலபமான பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்க்க ஆரம்பிக்கின்றன. கத்தி எடுத்தவன், மூன்று முறை உள்ளே போய் வந்தவன், போதையில் இருப்பவன் – 'எங்கள் திட்டத்துக்குப் பொருந்தமாட்டார்.'

எங்களுக்கு நடந்தது: ஒரு பெரிய நன்கொடை அமைப்பு, பெயர் வேண்டாம், வருடக் கடைசியில் 'எங்கள் முன்னுரிமைகள் மாறிவிட்டன' என்று இரண்டு வரி எழுதி நிறுத்திக்கொண்டது. வேலையில் குறை சொல்லவில்லை, அறிக்கையைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு களப்பணியாளர்களை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பையன்களிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஒருவன் கேட்டான்: 'நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டமாண்ணா?'

நிதி தருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நிகழ்ச்சிக்குத் தராதீர்கள், ஆளுக்குத் தாருங்கள். ஒரு நல்ல ஆளை அதே தெருவில் ஐந்து வருடம் நிறுத்தி வையுங்கள்.

பிப்ரவரி 17

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'நல்ல ஆள், நீண்ட காலம்' என்பது மட்டும் போதும் என்கிற மாதிரி இருக்கிறது. போதாது. அதற்கு எதிராக இருக்கிற மிகப் பெரிய சான்றை நானே எடுத்து வைத்துவிடுகிறேன்.

மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939 முதல் 1945 வரை ஒரு திட்டம் நடந்தது. ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர் தொடங்கியது. 506 பையன்கள். ஜோடி ஜோடியாகப் பொருத்தி, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் ஒரு ஆலோசகர். மாதம் இரண்டு முறை போல வீட்டுக்கு வருவார், படிப்பில் உதவி, மருத்துவ உதவி, கோடைமுகாம். வருடக்கணக்காக. நான் மேலே கேட்டது எல்லாமே அதில் இருந்தது.

முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்டு அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பேர் 'எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது' என்றார்கள். பதிவேடுகள் வேறு சொல்லின. ஒரு முறைக்கு மேல் குற்றம், குடிப்பழக்கம், மனநோய், சீக்கிரமே சாவு – எல்லாவற்றிலும் உதவி பெற்றவர்கள் நிலை கொஞ்சம் மோசமாகவே இருந்தது.

இதை முதலில் படித்தபோது வேலையையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. பிறகு மெக்கார்டு மேலும் தோண்டியதில், முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. தடம் மாறுகிற பையன்களை ஒன்றாகக் குவித்து வைத்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்கிறான். தாமஸ் டிஷனும் மெக்கார்டும் சேர்ந்து 1999-இல் இதை எழுதினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் மாலை நேர மையத்தில் 'வழக்கு உள்ள பையன்கள்' என்று தனி வகுப்பு கிடையாது. தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வரலாம். இழையைத் தொடங்கியவர் கேட்ட அந்தப் படிக்கிற பையனும்.

இன்னொன்றும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பையன் நன்றி சொல்கிறான் என்பது திட்டம் வேலை செய்ததற்குச் சான்று ஆகாது. அளந்து பார்க்கவும் நிதியில் ஒரு பங்கு வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே முகம் சுளிக்கிறார்கள்.

பிப்ரவரி 20

வழிகாட்டி உறவு பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தவருக்கு: ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் இதைப் பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடவும் கீழே போயிருந்தது. நடுவில் நிறுத்தப்படும் நிதி வெறும் வீண்செலவு இல்லை, அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கெடுதல்.

மார்ச் 1

நிதித்துறை நண்பர் வந்திருக்கிறார், 'பலன் தெரிந்தால் மட்டும் பணம்' என்ற முறையைச் சொல்கிறார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012-இல் இதைச் செய்து பார்த்தார்கள். 16 முதல் 18 வயதுப் பையன்களுக்கு யோசித்து நடக்கப் பழக்கும் வகுப்பு. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 96 லட்சம் டாலர் கடன் கொடுத்தது, அதில் 72 லட்சத்துக்கு புளூம்பெர்க் அறக்கட்டளை உத்தரவாதம். மறுபடி உள்ளே வருவது 10 சதவீதமாவது குறைந்தால் நகரம் அந்தக் கடன் தொகையைத் திருப்பித் தரும், மேலும் குறைந்தால் லாபம். வீரா இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு பலனை அளந்தது. குறையவில்லை. 2015-இல் மூடிவிட்டார்கள்.

பொதுப் பணம் தப்பித்தது, நேர்மையாக அளந்தார்கள், தோற்றதை மறைக்கவில்லை. இதை மதிக்கிறேன். ஆனால் பலன் தெரிய மூன்று வருடம் ஆகும், அதுவரை சம்பளம் யார் கொடுப்பது? கையிருப்பு உள்ள பெரிய நிறுவனம்தான் தாக்குப் பிடிக்கும். தெருவிலேயே இருக்கிற சின்ன அமைப்பு செத்துப்போகும். சுலபமான பிள்ளைகளைப் பொறுக்குகிற வியாதி இந்த முறையில் இன்னும் முற்றிவிடும் என்றும் பயம்.

மார்ச் 2

நிதி முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் செய்தது. பழைய ஏற்பாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றம் பையனை மாநில இல்லத்துக்கு அனுப்பினால் மாவட்டத்துக்குச் செலவே இல்லை, மாநிலம் பார்த்துக்கொள்ளும். அவனை ஊரிலேயே வைத்துத் திருத்தினால் அந்தச் செலவு மாவட்டத்தின் தலையில். அப்புறம் என்ன, எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். 1992-இல் மாநில இல்லங்களில் 2,500 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

1993-இல் சட்டத்தை மாற்றினார்கள். மாவட்டத்துக்கு ஒரு தொகை. அனுப்புகிற ஒவ்வொரு பையனுக்கும் அதிலிருந்து கழியும், மிச்சம் ஊர்த் திட்டங்களுக்கு. கடுமையான குற்றம் செய்தவர்களுக்கு அப்படிக் கழிப்பதில்லை, அதனால் அவர்களை அனுப்ப யாரும் தயங்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் மாநில இல்லங்களில் இருந்தவர்கள் எண்ணிக்கை சில நூறுகளுக்கு இறங்கிவிட்டது. இறங்கியதற்கு வேறு காரணங்களும் இருந்தன, முழுப் புகழையும் இதற்கே கொடுக்க மாட்டேன். ஆனாலும் புதுப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டுவேன். பூட்டிலேயே இருந்த பணம்தான் தெருவுக்கு வந்தது.

மார்ச் 9

கொஞ்சம் விலகிப் போகிறேன். சிகாகோவிலேயே பள்ளிப் பையன்களுக்கு 'பிகமிங் எ மேன்' என்று வாரம் ஒரு குழு வகுப்பு உண்டு. அதில் ஒரு விளையாட்டு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். '30 விநாடியில் அவனிடமிருந்து பந்தை வாங்கு' என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே மல்லுக்கட்டு, உருளல், கையைத் திருகல். முடிந்ததும் பயிற்சியாளர் கேட்பார்: 'யாராவது பந்தைக் கேட்டுப் பார்த்தீர்களா?' கேட்டால் தந்திருக்கமாட்டான் என்பார்கள். எதிரே இருந்தவனிடம் கேட்டால், 'கேட்டிருந்தா குடுத்திருப்பேன், வெறும் பந்துதானே' என்பான்.

நாங்களும் செய்து பார்த்தோம். மூன்று ஜோடி தரையில் உருண்டுகொண்டிருக்க, ஒரு ஓரத்தில் மெலிந்த பையன் ஒருவன் பணிவாகக் கை நீட்டி, 'அண்ணா, பந்து குடுங்கண்ணா' என்றான். எதிரே இருந்தவன் அவனைவிட இரண்டு வயது சின்னவன். 'அண்ணா'வைக் கேட்ட பூரிப்பில் பந்தைக் கொடுத்து, கூடவே தோளைத் தட்டிவிட்டும் போனான். அன்று முழுக்க மையத்தில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன்தான்.

மார்ச் 10

நேற்று எழுதிய விளையாட்டு நடக்கிற வகுப்பின் பலன் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வகுப்பு நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் வகுப்பு நின்ற பிறகு கைதுகளில் அந்த வித்தியாசம் நீடிக்கவில்லை.

இதைக் காட்டி 'பார், வேலை செய்யவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பதினேழு வயது முடிகிற வரைக்கும் வகுப்பு வேண்டும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். கோடைவேலையில் பலன் பிறகும் நீடித்ததே, இதில் ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கையில் தன் சம்பாத்தியம் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அதே வகை வகுப்பு, சிகாகோ இருக்கும் குக் மாவட்டச் சிறார் காவல் மையத்துக்குள்ளும் நடந்தது. அங்கே மறுபடி உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது. ரைக்கர்ஸில் தோற்றது இங்கே பலித்திருக்கிறது. இடமும் நடத்துகிற ஆட்களும் சேர்ந்ததுதான் திட்டம் போலிருக்கிறது. பாடப்புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் ஆகாது.

மார்ச் 22

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: அவருடைய தம்பியைத் தாக்கி மண்டையை உடைத்த பையனுக்குத் தொழிற்பயிற்சி கிடைத்ததாம், தம்பிக்கு மருத்துவச் செலவுகூடக் கிடைக்கவில்லையாம். நான்கு நாளாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

உங்கள் தம்பிக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காதது அநியாயம். அந்தப் பையன் திருந்தினாலும் அந்த அநியாயம் அப்படியே இருக்கும். பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லாமல் தாக்கினவனுக்கு மட்டும் நிதி ஒதுக்கும் திட்டத்தை ஊரார் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

நியூஸிலாந்து 1989 சட்டத்தில் குடும்பக் கூட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பையன், அவன் குடும்பம், காவல் அதிகாரி, விரும்பினால் பாதிக்கப்பட்டவரும் அவருக்குத் துணையாக வருபவர்களும் ஒன்றாக உட்காருகிறார்கள். என்ன செய்தான், என்ன இழப்பு, எப்படி ஈடு செய்வான் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. எங்களுக்கு அப்படிச் சட்டபூர்வமான ஏற்பாடு இல்லாததால், இரண்டு தரப்பும் விரும்பிய சில வழக்குகளில் மட்டும் முயன்றிருக்கிறோம். நீதிமன்றத்தில் தலைகுனிந்து 'சாரி' சொன்ன ஒரு பையன், அடிபட்டவரின் அம்மா 'ராத்திரி இப்பவும் அவன் கதவைப் பூட்டிட்டு வந்து மறுபடி போய் இழுத்துப் பார்க்கறான்' என்று சொன்னதும் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்? முடிந்தால் எழுதுங்கள்.

ஏப்ரல் 2

ஆஸ்திரேலியாவின் பூர்க் என்ற சிற்றூர் பற்றிச் சுருக்கமாக. பூர்வகுடிச் சமூகமே தலைமை தாங்கி 'மரங்குகா' என்று தொடங்கினார்கள். இளைஞர்கள் எதற்காக நீதிமன்றம் ஏறுகிறார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்தபோது, ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகப் பலர் வந்திருந்தார்கள். உரிமம் வாங்கவேண்டும் என்றால் உரிமமுள்ள ஒரு பெரியவரை உட்கார வைத்து மணிக்கணக்கில் ஓட்டிப் பழகவேண்டும். பல வீடுகளில் அப்படி ஒரு பெரியவரும் இல்லை, வண்டியும் இல்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், காவலர்களும் உதவினார்கள். 2017-இல் மட்டும் அந்த ஊர் முயற்சிகளின் பலன் 31 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பு என்று கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனம் கணக்குச் சொன்னது.

பட்டியலைப் பார்க்காமல் 'விழுமியக் கல்வி' நடத்தியிருந்தால் உரிமம் வந்திருக்காது.

ஏப்ரல் 5

பெண் பிள்ளைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்ற கேள்வி சரி. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பையன்கள், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். அந்த வேலையைச் செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 14

இழையைத் தொடங்கியவரே திரும்பி வந்து, தன் ஊர் நிர்வாகத்தில் பட்ஜெட் கருத்துக்கேட்பு வருகிறது, என்ன கேட்கலாம் என்று கேட்டிருக்கிறார். மனதார நன்றி.

முதலில், எந்த வருடத்துக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக, பிள்ளைகள் வன்முறையில் இறங்குவதைத் தடுக்க ஏற்படுத்திய யூத் எண்டோமென்ட் ஃபண்ட் என்ற நிதியத்துக்கு 2019-இல் 20 கோடி பவுண்டை மொத்தமாகக் கொடுத்துப் பத்து வருடத்துக்குச் செலவழிக்கச் சொன்னார்கள், அளந்து பார்ப்பதையும் அதன் வேலையாகவே வைத்தார்கள். உங்கள் ஊரால் பத்து முடியாது, மூன்று வருடமாவது கேளுங்கள். அளக்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முன்பே உள்ளே போய் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேளுங்கள், அந்தக் கேள்வியில்தான் தடுமாறுவார்கள்.

ஆள் எடுக்கும் விதிகளையும் வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் 'குற்றப் பதிவு இருக்கக்கூடாது' என்று ஒரு வரி இருக்கும். தெருவில் பையன்கள் காது கொடுத்துக் கேட்பது, அங்கே இருந்து மீண்டு வந்தவர்களின் பேச்சைத்தான். அந்த ஒரு வரியால் அவர்களைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாமல், 'தன்னார்வலர்' என்று போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைத் துன்புறுத்தியவர்களை விலக்குவதற்கு விதி வேண்டும், அதில் எள்ளளவும் தளர்வு கூடாது. பதினாறு வயதில் பைக் திருடியவருக்கு முப்பது வயதில் அந்த விதி எதற்கு?

என்னிடம் பழைய விண்ணப்பங்களின் படிவங்கள் இருக்கின்றன, பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். கேட்பு நடந்ததும் என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.